துலக்கப் போவது யார்?

கேள்வி: புது வீட்டு வேலை முடியும் கட்டத்தில் இருக்கிறது. எட்டுத் தேக்குக் கதவுகளுக்கும் மூன்று குளியலறைகளுக்கும் பித்தளைச் சாமான்களே போட ஆசை. பூச்சில்லாத பித்தளை, லாக்கர் என்ற நிறமற்ற வார்னிஷ் அடித்தது, பழமைத் தோற்றத்துக்காகக் கறுக்கவைத்த ஆன்டிக், பிவிடி பூச்சுள்ளது என்று கடையில் நான்கு வகை காட்டுகிறார்கள். பூச்சில்லாததன் பளபளப்பு மற்றவற்றில் இல்லை. கறுத்தாலும் கவலையில்லை, 68 வயதானாலும் அம்மா வியாழன்தோறும் புளி போட்டுத் துலக்கிவிடுவார். எதை வாங்கலாம்?
– வாசகர், மதுரை

பதில்: நான்கு வகைப் பித்தளையைப் பற்றி விவரமாக எழுதிய நீங்கள், அம்மாவை ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். அந்த வரிதான் என்னை உறுத்துகிறது. குத்துவிளக்கென்றால் எடுத்துப்போய், உட்கார்ந்து தேய்த்துக் கழுவிவிடலாம். கதவில் முடுக்கிய கைப்பிடியை நின்றபடியே தேய்க்க வேண்டும். கீழ்க் கீலுக்குக் குனிய வேண்டும், மேல்தாழ்ப்பாளுக்கு முக்காலியில் ஏற வேண்டும், புளித்தண்ணீர் வழிந்து தேக்கில் கறை படியாதபடி மற்றொரு கையால் துணியை அணைத்துப் பிடிக்க வேண்டும். எட்டுக் கதவுக்கும் இருபுறக் கைப்பிடிகள் 16, மூன்று வீதம் கீல்கள் 24, தாழ்ப்பாள்கள் 8, குழாய்கள் தனி. இதையெல்லாம் செய்ய அம்மா சம்மதித்தாரா? நீங்கள் கேட்டதாகவே கடிதத்தில் இல்லை. அவராக விரும்பி விளக்குத் துலக்குவது வேறு, அவர் உழைப்பைக் கணக்கில் வைத்து நீங்கள் சாமான் வாங்குவது வேறு. வீடு கட்டிய மகன் தாய்க்கு அதில் ஓய்வைத்தான் தர வேண்டும். இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

பித்தளையில் உள்ள செம்பு காற்றும் ஈரமும் பட்டால் கறுக்கத்தான் செய்யும். புளியின் அமிலம் அந்தக் கறுப்பைக் கரைக்குமே தவிர, மீண்டும் வராமல் தடுக்காது. ஆகவே பூச்சில்லாத பித்தளையைத் தலைவாசலுக்கும் பூஜையறைக் கதவுக்கும் மட்டும் வையுங்கள். குளியலறைக்கு பிவிடியே சரி. வெற்றிடத்தில் படியவைக்கும் அந்தப் பூச்சு மெல்லியதானாலும் கடினமானது, ஈரத்துணியால் துடைத்தால் போதும். ஆழ்குழாய்த் தண்ணீர் என்றால் உப்புப் படியுமுன் அன்றன்றே துடையுங்கள்; கழிவறை ஆசிட்டை அதன் பக்கமே கொண்டுபோகாதீர்கள். மற்ற அறைகளுக்கு ஆன்டிக் போடலாம், விரல் தடம் தெரியாது. பளபளக்கும் லாக்கர் வகையை விட்டுவிடுங்கள்: பழக்கதோஷத்தில் யாராவது தேய்த்துவிட்டால் பூச்சு கீறி, கீறல் வழியே காற்றுப் புகுந்து திட்டுத்திட்டாகக் கறுக்கும், பூச்சு முழுவதையும் எடுக்காமல் அதைச் சரிசெய்ய முடியாது.

வாங்கும்போது கையில் தூக்கிப் பாருங்கள். துத்தநாகக் கலவையில் முலாம் பூசியது, அதே அளவுள்ள கெட்டிப் பித்தளையைவிட எடை குறைவாக இருக்கும். காந்தம் ஒட்டினால் உள்ளே இரும்பு. திருகாணிகளையும் பித்தளையிலேயே கேளுங்கள்.

ஆர்டர் கொடுக்குமுன், வரும் வியாழக்கிழமை பூஜைச் சாமான்கள் அனைத்தையும் நீங்களே துலக்குங்கள், அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்கட்டும். அதற்குப் பிறகும் வீடு முழுக்கப் பூச்சில்லாத பித்தளைதான் வேண்டுமென்று தோன்றினால், துலக்கும் வேலை உங்களுடையது என்று அவரிடம் சொல்லிவிட்டு வாங்குங்கள்.