கறுப்புக் கார் கதவில் கீறலா? முதலில் நகத்தை வைத்துப் பாருங்கள்

கதவில் முள்செடி உரசிய வெள்ளைக் கோடுகள் பாலிஷ் போட்டும் போகவில்லை, வாட்டர் பேப்பரால் (தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்) தேய்க்கலாமா என்கிறீர்கள். நகத்தால் கோட்டின் குறுக்கே வருடிப் பாருங்கள், தண்ணீரும் தெளித்துப் பாருங்கள். கோடு மறைந்து, நகமும் சிக்காவிட்டால் கீறல் பெயிண்டுக்கு மேலே உள்ள நிறமற்ற பூச்சான கிளியர் கோட்டோடு நிற்கிறது, வீட்டிலேயே சரியாகும். நீங்கள் போட்டது வெறும் வேக்ஸாக இருக்கும், அது தேய்க்காது, பளபளப்புதான் தரும்.

காரை நன்றாகக் கழுவி நிழலில் நிறுத்துங்கள். துளி மண் ஒட்டியிருந்தாலும் புதுக் கீறல்தான். கீறலைத் தேய்த்து எடுக்கும் பசையான ரப்பிங் காம்பவுண்டைக் கொஞ்சமாக மைக்ரோஃபைபர் துணியில் எடுத்து, சின்னச் சின்னப் பகுதியாகத் தேயுங்கள். கதவு விளிம்பில் பெயிண்ட் மெலிசு, அங்கே அழுத்தாதீர்கள். அப்புறம் வேக்ஸ் போடலாம்.

வாட்டர் பேப்பர் யோசனையை மட்டும் விட்டுவிடுங்கள். கிளியர் கோட்டே சுமார் 50 மைக்ரான்தான், தலைமுடியை விட மெலிசு! நகம் நன்றாகச் சிக்கினால் கீறலில் மட்டும் பூசும் டச்-அப் பெயிண்ட்தான் வழி.