முதல் மல்டிபிளையர்: லெவல்வைண்ட் வேண்டுமா?

மீன் பிடிக்க 12 அடி தூண்டில் ராடில் 150 கிராம் ஈயம் வீச முதல் மல்டிபிளையர் (நூல் சுற்றிய உருளையான ஸ்பூலே சுழன்று நூலை விடும் ரீல்) வாங்கப் போகிறீர்கள்; லெவல்வைண்ட் (நூலைத் தானாகவே சீராகப் பரப்பிச் சுற்றும் அமைப்பு) உள்ள ரீலா, இல்லாததா என்று கேட்டிருந்தீர்கள். கரையிலிருந்து தூரம்தான் குறி என்றால் இல்லாததையே வாங்குங்கள். ஆபு ஆம்பசடர் 6500 ரீலின் அளவு போதும். தங்கூஸை (தூண்டில் நூலை) கட்டைவிரலால் பரப்பிச் சுற்றுவது சீக்கிரமே கைவந்துவிடும்.

பிரேக்தான் முக்கியம். ஈயம் இழுப்பதைவிட ஸ்பூல் வேகமாகச் சுற்றினால் தங்கூஸ் சிக்கிப் பந்தாகிவிடும். அதனால் முதலில் ஸ்பூலின் வேகத்தைக் குறைக்கும் சின்ன பிரேக் கட்டைகள் எல்லாவற்றையும் போடுங்கள். 0.35 மி.மீ. மோனோ (ஒற்றை இழை நைலான் தங்கூஸ்) சுற்றுங்கள், ஸ்பூல் விளிம்புக்கு 2 மி.மீ. கீழே வரை மட்டும். பின்னல் நூல் இப்போதைக்கு வேண்டவே வேண்டாம். 60 பவுண்டு ஷாக் லீடர் (வீச்சின் இழுப்பைத் தாங்க நுனியில் கட்டும் தடித்த நூல்) கட்டாயம். வீசும்போது அறுந்து பறக்கிற ஈயம் ஆளையே கொல்லும்.

அப்புறம், ஈயம் தண்ணீரைத் தொடும் நொடியில் கட்டைவிரலால் ஸ்பூலை நிறுத்துங்கள். நான் இதை மறந்த நாளெல்லாம் கத்தரிக்கோலோடுதான் முடிந்தது.