'தி புக் ஆஃப் மார்மன்' நாடகத்தில் செய்வதுபோல மார்மன்களைக் கிண்டல் செய்தால் அவர்களுக்குக் கோபமே வராதா?

வரும். ஆனால் நாம் எதிர்பார்க்கிற இடத்தில் வராது.

வேலை காரணமாக 2014 முதல் 2019 வரை, மார்மன்கள் என்ற இந்தக் கிறிஸ்தவச் சபையார் நிறைந்த அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் லீஹை என்ற ஊரில் குடியிருந்தேன். ஊரின் பெயரே, பைபிளோடு அவர்கள் வேதமாகக் கொள்ளும் மார்மன் புஸ்தகத்தில் வரும் ஒரு தீர்க்கதரிசியின் பெயர்தான். குடிபோன மறுநாள் பக்கத்து வீட்டு அம்மா, அப்போதுதான் சுட்ட ரொட்டியோடு வாசலில் நின்றார். பழக்க தோஷத்தில் "காபி சாப்பிடுகிறீர்களா?" என்று கேட்டுவிட்டேன். சிரித்துக்கொண்டே தண்ணீர் போதும் என்றார். காபி, தேநீர், மது, புகையிலை எல்லாம் அவர்களுக்கு விலக்கு. 1833-இல் சபையை நிறுவிய ஜோசப் ஸ்மித் காலத்தில் வந்த விதி. அதற்குப் பதிலாகத்தான் ஊர் முழுக்க சோடாக் கடைகள். டயட் கோக்கில் தேங்காய் சிரப், எலுமிச்சைச் சாறு, கொஞ்சம் கிரீம். முதல் முறை குடித்தபோது இருமல் மருந்து மாதிரி இருந்தது, மூன்றாவது முறை நானே காரை எடுத்துக்கொண்டு போய் வரிசையில் நின்றேன்.

சரி, நாடகத்துக்கு வருகிறேன். கேள்வியில் நீங்கள் சொல்லியிருப்பது 'தி புக் ஆஃப் மார்மன்'. 'சவுத் பார்க்' கார்ட்டூன்காரர்கள் உருவாக்கி 2011-இல் நியூயார்க்கின் நாடக அரங்கப் பகுதியான பிராட்வேயில் தொடங்கிய இசை நாடகம். உகாண்டாவுக்கு அனுப்பப்படும் இரண்டு இளம் மிஷனரிகளின் கதை. கெட்ட வார்த்தைக்குப் பஞ்சமில்லை, கடவுளையே திட்டும் பாட்டும் உண்டு. அமெரிக்க நாடகங்களுக்கான டோனி விருதுகளில் ஒன்பது வாங்கியது. நம் ஊராக இருந்தால் மறுநாளே யாராவது தடை கேட்டு நீதிமன்றம் போயிருப்பார்கள். சபை சின்னதாக ஒரு அறிக்கை விட்டதோடு சரி: நாடகம் ஒரு மாலைப் பொழுதுக்கு மகிழ்விக்கலாம், புஸ்தகம் வாழ்க்கையையே மாற்றும். அப்புறம் செய்ததுதான் வேடிக்கை. பார்வையாளர்கள் கையில் கொடுக்கும் நிகழ்ச்சிக் கையேட்டிலேயே காசு கொடுத்து விளம்பரம் போட்டார்கள். நாடகத்தைப் பார்த்துவிட்டீர்கள், இனி புஸ்தகத்தைப் படியுங்கள் என்கிற தோரணையில்.

2015 கோடையில் அந்த நாடகம் சால்ட் லேக் சிட்டிக்கே வந்தது. சபைத் தலைமையகத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில் அரங்கம், டிக்கெட் எல்லாம் தீர்ந்துபோனது. பக்கத்து வீட்டுக்காரர் ஆபீஸ் நண்பர்களோடு போனார், மனைவி வரமாட்டேன் என்றுவிட்டார். "பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு வீட்டு வாசல் மணி அடிக்கிறார்களே, முதல் காட்சி, அது அப்படியே நான்தான்" என்றார் மறுநாள். பத்தொன்பது வயதில் வெள்ளைச் சட்டை, டை, கறுப்புப் பெயர்ப்பட்டை மாட்டிக்கொண்டு இரண்டு வருடம் பிரேசிலில் வீடு வீடாக ஏறி இறங்கியவர். "மீசை முளைக்காத என்னை 'மூப்பர்' என்று கூப்பிட்டார்கள். அதைவிடவா பெரிய ஜோக்?" அவருக்குப் பிடிக்காமல் போனது வேறு: உகாண்டா மக்களைக் காட்டிய விதம்.

கோபம் வருகிற இடம் ஆலயம். ஞாயிறு வழிபாட்டுக் கூடத்துக்குள் யாரும் போகலாம். ஆலயம் அப்படியல்ல, சபையின் அனுமதிச் சீட்டு உள்ள உறுப்பினர்களுக்கு மட்டும். 2009-இல் 'பிக் லவ்' என்ற தொலைக்காட்சித் தொடர் உள்ளே நடக்கும் சடங்கைத் திரையில் காட்டியபோது நிஜமாகவே புண்பட்டார்கள். அப்போதும் சபை புறக்கணிக்கச் சொல்லவில்லை, சொன்னால் தொடருக்குத்தான் விளம்பரம் என்று தெரிந்திருந்தது. சடங்கு முடித்தவர்கள் அணியும் உள்ளாடையைப் பற்றிய கிண்டலும் அப்படித்தான். 2014-இல் சபையே வீடியோ வெளியிட்டு, பாதிரியாரின் அங்கியைப் போல, பிக்குவின் காவி ஆடையைப் போல எங்களுக்கு இது என்று விளக்கியது.

ஆனால் கேலியை இப்படிச் சிரித்துக் கடப்பதைப் பார்த்து எதிலும் அப்படித்தான் என்று நினைத்துவிடாதீர்கள். 2008-இல் கலிஃபோர்னியாவில் ஓரினச்சேர்க்கையாளர் திருமணத்தைத் தடுக்கும் வாக்கெடுப்புக்குப் பணமும் நேரமும் தரும்படி சபை உறுப்பினர்களைக் கேட்டது. தடை வென்றது, ஆலயங்கள் முன் போராட்டம் வெடித்தது. 2015-இல் அதே சபை, வேலையிலும் வீட்டு வாடகையிலும் ஓரினச்சேர்க்கையாளர்களுக்குப் பாகுபாடு கூடாது என்ற யூட்டா சட்டத்தை ஆதரித்தது. திருமணம் பற்றிய போதனை இன்றும் மாறவில்லை. எந்த நாடகத்தையும்விட அந்தப் போராட்டங்கள்தான் அவர்களை உலுக்கின என்பது என் கணிப்பு.

கடைசியாகப் பெயர் விஷயம். "நான் ஒரு மார்மன்" என்று டைம்ஸ் ஸ்கொயர் வரை விளம்பரம் செய்தவர்கள், 2018-இல் தலைவர் ரஸ்ஸல் நெல்சன் சொன்னார் என்று அந்தச் சொல்லையே விட்டார்கள். சபையின் உலகப் புகழ்பெற்ற 'மார்மன் டேபர்னக்கிள்' பாடகர் குழுகூடப் பெயரை மாற்றிக்கொண்டது. பக்கத்து வீட்டு அம்மா "நாங்கள் மார்மன்..." என்று ஆரம்பித்து, வாயைப் பொத்திக்கொண்டு, 'பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்துவின் சபை' என்று முழு நீளத்துக்கும் சொல்லி முடிப்பார். இந்தப் பதிலைப் படிக்கத் தெரிந்தால் என்னைத் திட்டுவார்.

2024-இல் 'மார்மன் மனைவிகளின் ரகசிய வாழ்க்கை' என்று ஒரு ரியாலிட்டி தொடர் வந்ததும், பார்த்தீர்களா என்று அவருக்கு வாட்ஸப் அனுப்பினேன். "சண்டையெல்லாம் யார் வீட்டிலோ. சோடா மட்டும் எங்களுடையது" என்று பதில் வந்தது.