இடுப்பில் தொங்கும் பின்லாந்துக் கத்தி: வாங்குவோர் கேள்வி-பதில்

பின்லாந்தில் குடியேறிய நம்மவர்கள் பலர், ‘பூக்கோ’ எனப்படும் அந்நாட்டுச் சிறு உறைக்கத்தியைப் பற்றி எழுதிக் கேட்டிருக்கிறார்கள். கடிதங்களைச் சுருக்கித் தந்து பதில் சொல்கிறேன்.

கேள்வி (எஸ்போ): அலுவலக நண்பர்கள் என் பிறந்தநாளுக்கு ஒரு பூக்கோ கொடுத்தார்கள். இங்குள்ளவர்கள் காலங்காலமாக இதை இடுப்பில் மாட்டிக்கொண்டு நடந்தவர்களாம். நானும் தினமும் பெல்ட்டில் மாட்டிக்கொண்டு மெட்ரோவில் வேலைக்குப் போகலாமா?

பதில்: போகக் கூடாது. 2003 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த பொது ஒழுங்குச் சட்டம், தெரு, ரயில், கடை போன்ற பொது இடங்களில் பிறரைக் காயப்படுத்த வல்ல கூரிய கருவிகளை வைத்திருப்பதைத் தடை செய்கிறது. வேலைக்குத் தேவை என்றோ, ஏற்கத்தக்க வேறு காரணம் உண்டு என்றோ காட்ட முடிந்தால் மட்டுமே விலக்கு. வேலையிடத்தில் இருக்கும் தச்சருக்கும், காளான் பறிக்கக் காட்டுக்குச் செல்பவருக்கும், தூண்டிலோடு ஏரிக்குச் செல்பவருக்கும் அந்தக் காரணம் இருக்கிறது. கணினி முன் உட்காரச் செல்லும் உங்களுக்கு இல்லை. பாரம்பரியம் என்பது காரணம் ஆகாது. தற்காப்புக்கு என்று காவலரிடம் சொன்னால் நிலைமை இன்னும் கெடும், ஏனெனில் அதைக் கருவியாக அல்ல, ஆயுதமாக வைத்திருப்பதாக நீங்களே ஒப்புக்கொள்கிறீர்கள்.

உங்கள் நண்பர்கள் சொன்ன வரலாறு உண்மைதான், ஆனால் பாதி வரலாறு. இதே கத்தியைக் கொண்டு திருமண வீடுகளிலும் சந்தைகளிலும் குத்திக்கொண்ட ‘பூக்கோயுங்க்காரி’ என்னும் சண்டியர்களால் 19-ஆம் நூற்றாண்டில் ஆஸ்ட்ரோபோத்னியா வட்டாரம் கெட்ட பெயர் எடுத்தது என்பது மறுபாதி. தினமும் பயன்படுத்த விரும்பினால் வீட்டிலும், தோட்டத்திலும், கோடைக் குடிலிலும், காட்டிலும் பயன்படுத்துங்கள். அங்கு போகும் வழியில் அது உறையோடு பையின் அடியில் இருக்கட்டும்.

கேள்வி (ஹெல்சின்கி): விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது விமானத்தில் கைப்பையில் வைத்துக்கொள்ளலாமா? சிறிய கத்திதான்.

பதில்: கூடாது, உறையோடு துணியில் சுற்றி, சரக்கறைக்குப் போகும் பெட்டிக்குள் வையுங்கள்.

கேள்வி (தம்பெரே): ‘அசல் பின்லாந்துக் கைவினை’ என்ற விளம்பரத்தைப் பார்த்து இணையத்தில் 85 யூரோ கொடுத்து ஒரு பூக்கோ வாங்கினேன். வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, அலகு கைப்பிடிக்குள் ஆடுகிறது. செய்தவர் பெயர் எங்கும் இல்லை. கேட்டதற்கு, ‘அது பின்லாந்து பாணி என்றுதான் சொன்னோம்’ என்கிறார் விற்றவர். என் கவனக்குறைவு என்று மனைவி கடிந்துகொள்கிறார்.

பதில்: உங்கள் மீது தவறு இல்லை. ‘அசல்’ என்று விளம்பரத்தில் எழுதிவிட்டுப் புகார் வந்ததும் ‘பாணி’ என்று மாற்றிப் பேசுவதற்கு ஏமாற்று என்றுதான் பெயர். நானும் அப்படி ஏமாற்றப்பட்டவன். பிர்ச் மரப்பட்டையை அடுக்கிச் செய்த கைப்பிடி என்று நம்பி நான் வாங்கிய கத்தியில், பட்டையின் படம் அச்சிட்ட நெகிழித் தாள்தான் சுற்றியிருந்தது. விற்றவரிடமிருந்து இன்றுவரை பதில் இல்லை.

முதலில், அந்தக் கத்தியால் எதையும் வெட்டாதீர்கள். பூக்கோவின் அலகிலிருந்து ஒல்லியான வால் ஒன்று கைப்பிடிக்குள் நீண்டு, மறுமுனையில் தட்டி இறுக்கப்பட்டோ பசையால் பிடிக்கப்பட்டோ இருக்கும். அது ஆடத் தொடங்கிய கத்தி, அழுத்தி வெட்டும் நேரத்தில் கையை விட்டுத் திரும்பிவிடும். அடுத்து, விளம்பரப் பக்கத்தையும் ஆடும் அலகையும் படம் எடுத்து வையுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் இணையவழி வாங்கிய பொருளை, கையில் கிடைத்த 14 நாள்களுக்குள் காரணமே சொல்லாமல் திருப்பித் தரும் உரிமை உங்களுக்கு உண்டு என்பதால், வாங்கியதை ரத்து செய்கிறேன் என்று இன்றே எழுத்தில் தெரிவியுங்கள். அந்தக் கெடு கடந்திருந்தாலும், பழுதான பொருளுக்கு விற்றவர் பொறுப்பாளிதான். அவர் மறுத்தால் பின்லாந்து நுகர்வோர் ஆலோசனைச் சேவையிடம் போங்கள். அதன் பிறகு நுகர்வோர் தகராறு வாரியம் இருக்கிறது. விற்றவர் ஒன்றியத்துக்கு வெளியே இருந்தால் இந்த வழிகள் பலவீனமானவை. அட்டையில் பணம் செலுத்தியிருந்தால், அந்தத் தொகையை மறுத்து மீட்டுத் தருமாறு வங்கியிடம் கோருங்கள்.

மற்ற வாசகர்களும் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். கத்தி போன்ற பொருள்களில் செய்த நாட்டைப் பொறித்தாக வேண்டும் என்ற பொதுவான கட்டாயம் ஒன்றியத்தில் இல்லை. ஆகவே, எங்கே செய்தது என்று எழுத்தில் கேட்டுப் பதில் வாங்கிய பிறகே பணம் கொடுங்கள். நீலமும் வெள்ளையுமான ‘அவைன்லிப்பு’ முத்திரை, அதாவது சாவிக்கொடிச் சின்னம், இருந்தால் பொருள் பின்லாந்தில் செய்யப்பட்டது என்று நம்பலாம்.

கேள்வி (துர்க்கு): கைப்பிடியில் என் பெயரைப் பொறித்துத் தரச் சொல்லி வாங்கினேன். வந்த பிறகுதான் என் கைக்குச் சிறியதாக இருப்பது தெரிகிறது. அளவு விளம்பரத்தில் இருந்ததாம், நான் பார்க்கவில்லை. 14 நாள் உரிமையில் திருப்பித் தரலாம் அல்லவா?

பதில்: முடியாது. வாங்குபவருக்கென்றே தனியாகச் செய்த பொருளுக்கு அந்த உரிமை பொருந்தாது. அளவு எழுதப்பட்டிருந்தது, நீங்கள் படிக்கவில்லை. இதில் விற்றவரைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

கேள்வி (ஔலு): கத்தி அருமையானது, நல்ல கடையில் வாங்கினேன். ஆனால் காட்டில் பெர்ரி பறிக்கக் குனிந்தபோது உறையிலிருந்து நழுவிக் கீழே விழுந்துவிட்டது. உறையில் ஒரு பட்டன் பட்டி தைத்துக்கொண்டால் போதுமா?

பதில்: போதாது. இந்தக் கேள்விக்குச் சற்று விரிவாகவே பதில் சொல்ல வேண்டும், ஏனெனில் கத்தி விற்பவர்கள் மீது எனக்கு நெடுநாளாக உள்ள பெரிய குறையே இதுதான். அலகின் எஃகு என்ன, கடினம் எத்தனை, கைப்பிடி எந்த மரம் என்று பத்து வரி எழுதுகிறவர்கள், உறைக்கு மட்டும் ‘தோலுறையுடன்’ என்ற ஒரே சொல்லோடு நிறுத்திவிடுகிறார்கள். படத்திலும் உறையின் முன்புற அலங்காரம்தான் இருக்கும். தையல் உள்ள பின்புறம் இருக்காது. மேசை மேல் இருக்கும் கத்திக்கு இது பரவாயில்லை. நாள் முழுவதும் உடம்பில் தொங்கப் போகும் கத்திக்கு உறையும் அலகுக்கு இணையான பாதி. அலகு மோசமாக இருந்தால் வேலை மெதுவாகும். உறை மோசமாக இருந்தால் தொடை கிழியும்.

முறையாகச் செய்த பூக்கோ உறையின் கீழ்ப்பகுதிக்குள், அலகின் வடிவத்துக்குக் குடைந்த ‘லெஸ்தா’ என்ற மரக்கூடு ஒன்று இருக்கிறது. அதற்கு மேல் தோலை ஈரமாகவே இழுத்துப் பின்புறம் தைத்து, கைப்பிடியின் மேலும் படிய வைத்து உலர்த்துவார்கள். பூக்கோவுக்குப் பொதுவாகக் கைக்காப்பு, அதாவது விரல் அலகின் மேல் வழுக்காமல் தடுக்கும் குறுக்குத் தடுப்பு, கிடையாது என்பதால், அலகு மட்டுமன்றிக் கைப்பிடியின் பெரும்பகுதியும் உறைக்குள் இறங்கி, தோலின் இறுக்கத்திலேயே நிற்கும். அதனால்தான் மரபான உறைக்குப் பட்டனும் பட்டியும் தேவைப்படவில்லை. மரக்கூடு இல்லாத மலிவான உறையில், ஒவ்வொரு முறை செருகும்போதும் அலகு தையலை உள்ளிருந்து அறுக்கிறது. ஒருநாள் முனை வெளியே வருகிறது. பட்டன் தைப்பது மேல்வாயைத்தான் மூடும். கீழே அறுபடுவதை அது தடுக்காது.

ஆகவே, கடையில் இதைச் செய்து பாருங்கள். கத்தியை உறைக்குள் அழுத்தி இறக்கி, மேசைக்குச் சற்று மேலே தலைகீழாகப் பிடித்து, கால்களை விலக்கி வைத்துக்கொண்டு மெல்லக் குலுக்குங்கள். விழக் கூடாது. பின்பு ஒரு கையாலேயே, கட்டைவிரலால் உறையின் விளிம்பை அழுத்தி எடுத்துப் பாருங்கள். வெடுக்கென்று பிடுங்க வேண்டியிருந்தால் அதுவும் ஆபத்துதான், அந்த வேகத்தில் மற்றக் கை வெட்டுப்படும். உறையின் கீழ்ப்பகுதியை விரலால் அழுத்துங்கள். மரக்கூடு இருந்தால் விறைப்பாக இருக்கும். கடைசியாக, பெல்ட்டில் மாட்டிக்கொண்டு ஒரு நாற்காலியில் உட்காருங்கள். வளையத்திலிருந்து தளர்வாகத் தொங்கும் உறை பக்கவாட்டில் ஒதுங்கிக்கொள்ளும். இறுக்கமாக நிற்கும் உறையில் கைப்பிடி விலாவில் இடிக்கும். இத்தனையும் செய்து பார்க்க விடாத கடையில் வாங்காதீர்கள்.

உங்கள் கத்தி நல்லது என்பதால், அதைத் தோல் வேலை தெரிந்த ஒருவரிடம் கொடுத்து அதற்கென்றே புதிய உறை செய்துகொள்ளுங்கள். அந்தச் செலவு வீணாகாது. ஆனால் அதற்கு முன், கத்தியை வாங்கிய கடைக்குப் போய், உறை கத்தியைப் பிடிக்கவில்லை, இது பழுது என்று சொல்லுங்கள். மாற்றித் தருவது அவர்கள் கடமை.

கேள்வி (யுவாஸ்குலா): கார்பன் எஃகு நல்லதா, துருப்பிடிக்காத எஃகு நல்லதா?

பதில்: மரம் செதுக்கவும் காட்டு வேலைக்கும் கார்பன் எஃகு நல்லது, கூர் எளிதில் ஏறும். ஆனால் ஒவ்வொரு முறையும் துடைத்து உலர்த்தி, எண்ணெய் தொட்டு வைக்க வேண்டும். மீன் அறுப்பவரும் மறதிக்காரரும் துருப்பிடிக்காததை வாங்குவதே நல்லது. எதுவாக இருந்தாலும் நெடுநாள் தோலுறைக்குள்ளேயே போட்டு வைக்காதீர்கள், தோல் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். பாத்திரம் கழுவும் இயந்திரத்திலும் போடாதீர்கள்.

கேள்வி (வான்தா): சமையலறைக் கத்திக்கான இழுவைச் சாணையில் என் பூக்கோவை நாலு இழுப்பு இழுத்தேன். இப்போது மரத்தில் வழுக்குகிறது. தரக்குறைவான எஃகு என்று புகார் செய்யலாமா?

பதில்: எஃகைக் குறை சொல்லாதீர்கள், கெடுத்தது சாணை. பூக்கோவின் இருபுறச் சரிவும் அகலமாகவும் தட்டையாகவும் வெட்டும் வாய்வரை இறங்கும். அந்தச் சரிவு முழுவதும் கல்லில் படியும்படி வைத்துத்தான் தீட்ட வேண்டும். இழுவைச் சாணை வாயில் வேறொரு குத்துச் சரிவை உண்டாக்கிவிட்டது. தட்டையான நீர்க்கல் ஒன்றை வாங்கி, அந்தச் சரிவு மறையும்வரை பொறுமையாகத் தீட்டுங்கள், சரியாகிவிடும்.

கேள்வி (வாசா): என் கணவர் பின்லாந்துக்காரர். மாமனாருக்கு 60 வயது நிறைகிறது, தினமும் மீன்பிடிக்கப் போகிறவர். கௌஹவாவில் செய்யும் குதிரைத் தலைப் பூக்கோ வாங்கித் தரலாமா, சாதாரணமானதா?

பதில்: குதிரைத் தலையையே வாங்குங்கள், அம்மா. தினமும் மீன்பிடிப்பவரிடம் கைக்குப் பழகிய வேலைக்கத்தி கட்டாயம் இருக்கும். அதைவிட நல்லதை அவருக்கு நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது. கைப்பிடியின் முனையில் உலோகக் குதிரைத் தலை வைத்த கத்தி வேலைக்குக் கனமானது, ஆனால் அந்த வட்டாரத்தில் மரியாதைக்குரிய பரிசு. கௌஹவா உங்கள் ஊரிலிருந்து தொலைவில் இல்லை, 1879-இல் தொடங்கிய ஈசாக்கி யார்வென்பா பட்டறையும் அங்கேதான் இருக்கிறது. நேரில் போய், கையில் எடுத்து, உறையிலிருந்து உருவிப் பார்த்து வாங்குங்கள். பெயர் பொறிப்பதாக இருந்தால், எழுத்துகளைக் கணவரிடம் எழுதி வாங்கிக்கொண்டு போங்கள். பொறித்த பிறகு அவர்கள் மாற்றித் தர மாட்டார்கள்.