ஒற்றைக்கண் லாரிகள்

அன்புள்ள ஐயா,

ஏற்காடு போய்வந்து ஒரு பயணக் கட்டுரை எழுதினேன், இணைத்திருக்கிறேன். 'விவரம் பத்தாது' என்கிறார் ஒரு நண்பர். 'விவரம் அதிகம், உனக்கு மொத்தமாகப் பார்க்கத் தெரியவில்லை' என்கிறார் இன்னொருவர். ஒரு காட்சியை எவ்வளவு நுணுக்கமாக எழுதினால் போதும்? பறவைப் பார்வை, எறும்புப் பார்வை இரண்டும் வேண்டும் என்பது என் எண்ணம். சரிதானா?

எஸ்., ஆத்தூர்

அன்புள்ள எஸ்.,

பறவையும் எறும்பும் பாவம், விட்டுவிடுங்கள். நண்பர்களையும்தான். ஆளுக்கொன்று சொல்லத்தானே நண்பர்கள்.

உங்கள் கட்டுரையில் ஒரு வரியில் நான் இரண்டு நாளாக மாட்டிக்கொண்டிருக்கிறேன். 'ஏற்காட்டின் லேடீஸ் சீட் காட்சிமுனையிலிருந்து கீழே பார்த்தேன். சேலத்துத் தெருக்களில் மக்கள் கவலை தோய்ந்த முகங்களோடு விரைந்துகொண்டிருந்தார்கள்.'

எந்த முகம், தம்பி?

நல்ல கண்ணுக்கு ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு வரைதான் பிரித்துப் பார்க்க வரும். ஒரு கிலோமீட்டர் தள்ளி அது கிட்டத்தட்ட ஓரடி, பத்து கிலோமீட்டருக்குப் பத்தடி. லேடீஸ் சீட்டிலிருந்து பழைய பஸ் ஸ்டாண்ட் நேர்கோட்டில் பத்து கிலோமீட்டருக்கும் மேலே. பஸ்ஸே ஒரு புள்ளி. ஆள் தெரியமாட்டான், அவனுக்கு முகம் எங்கே, அந்த முகத்தில் கவலை எங்கே? அந்தக் கவலையை நீங்கள் அடிவாரத்திலேயே பையில் போட்டு, 20 கொண்டை ஊசி வளைவும் சுமந்துகொண்டு போயிருக்கிறீர்கள்.

போனில் எடுத்த படத்தை விரலால் பெரிதாக்கிப் பாருங்கள். முன்பெல்லாம் ஒரு கட்டத்துக்குமேல் சதுரம் சதுரமாக உடைந்துவிடும், 'இதற்குமேல் என்னிடம் இல்லை' என்று அர்த்தம். இப்போது வரும் சில போன்கள் இல்லாததை ஊகித்து நிரப்பி வழவழப்பாக்கித் தருகின்றன. உங்கள் வரி அந்த ரகம். சர்வே ஆஃப் இந்தியா வரைபடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றுக்கு 50,000 என்று அதிலேயே அச்சிட்டிருப்பார்கள், ஒரு சென்டிமீட்டர் அரை கிலோமீட்டர். அந்தத் தாளில் யாரும் திண்ணையைத் தேடுவதில்லை. எழுதுகிறவனும் தான் நின்ற தூரத்தைச் சொல்லிவிட்டால் அந்தத் தூரத்துக்குள் அடங்கி எழுதவேண்டும். கிட்டே போனால்தான் தெரியும் என்றால் கிட்டே போ. கால் வலிக்கிறது என்றால் எழுதாதே. (ஒருமையில் வந்துவிட்டது, மன்னிக்கவும். இந்த விஷயத்தில் எனக்குக் கோபம் வந்துவிடும்.)

தூரத்தில் ஒன்றுமே தெரியாது என்று நான் சொல்லவில்லை. சேலம் செவ்வாப்பேட்டையில் பிறந்து வளர்ந்தவன் நான். வடக்கே நகரமலை, தெற்கே ஜருகுமலை, மேற்கே கஞ்சமலை என்று ஊர் ஒரு கிண்ணத்துக்குள் உட்கார்ந்திருப்பது மேலே ஏறும்வரை எனக்கு உறைத்ததே இல்லை. தெருவில் நின்றால் எதிர்வீட்டு மாடிதான் மலை. அதை எழுதியிருக்கலாமே நீங்கள்? மேக்னசைட் என்ற வெள்ளைக் கனிமம் வெட்டிய இடத்து வெள்ளைகூடவா கண்ணில் படவில்லை?

எங்கள் சித்தப்பா கொலுசுப் பட்டறை வைத்திருந்தார். லீவு நாளில் நானும் போய் உட்காருவேன். முடிந்த கொலுசை அவர் தொடைமேல் போட்டு வேட்டியோடு சேர்த்து மெதுவாக இழுப்பார். பற்றவைப்பு விட்டுப்போன கண்ணி ஏதாவது இருந்தால் அது ஒரு நூலைப் பிடித்துக்கொள்ளும். இழுப்பு நிற்கும். குனியாமலே, 'இந்தா, இது யாரோடது?' என்று அந்தக் கண்ணியை நகத்தால் காட்டுவார். கண்ணுக்கு அது மற்றக் கண்ணிகளைப் போலத்தான் இருக்கும். பாதி நேரம் அது நான் ஊதிப் பற்றவைத்ததாகவே இருந்து, தலையில் ஒரு குட்டும் கிடைக்கும்.

அப்படிப்பட்டவர் ஐம்பது வயதுக்குமேல்தான் முதல்முறையாக ஏற்காடு வந்தார், நான்தான் கூட்டிப்போனேன். இருட்டிய பிறகு லேடீஸ் சீட்டில் நின்றோம். பட்டறை எந்தப் பக்கம் என்று கேட்டார், கையைக் காட்டினேன். அங்கே பார்க்கவே இல்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் கீழே சாலையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "என்னடா இது, எல்லா லாரியும் ஒத்தக்கண்ணோட வருது?" என்றார்.

எனக்கு அன்று பதில் தெரியவில்லை. இப்போது தெரியும். இரண்டு விளக்குக்கும் நடுவே ஐந்தடி இருந்தால், ஐந்து கிலோமீட்டர் தாண்டியதும் நம் கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகிவிடும். வெளிச்சம் தெரியும், எத்தனை என்று தெரியாது. நட்சத்திரமும் அப்படித்தான். நாம் ஒன்று என்று நினைக்கும் எத்தனையோ புள்ளிகள் தொலைநோக்கியில் இரண்டாகப் பிரிகின்றன. சித்தப்பாவுக்கு இந்தக் கணக்கெல்லாம் கிடையாது. லாரிக்கு இரண்டு விளக்கு என்பது அவருக்குத் தெரியாதா என்ன? தெரிந்தும் ஒன்று என்றுதான் சொன்னார்.

உங்கள் கேள்வி எவ்வளவு விவரம் என்பது, இல்லையா? அந்த முக வரியை எடுத்துவிட்டு மறுபடி அனுப்புங்கள், பேசலாம்.

அன்று கடைசி பஸ்ஸில் இறங்கினோம். நான் தூங்கிவிட்டேன். கீழே எத்தனையாவது வளைவு என்று நினைவில்லை, தோளைப் பிடித்து உலுக்கினார். ஜன்னல் வழியே தூரத்தில் ஒரு லாரி.

"பார்றா, இப்ப ரெண்டாயிடுச்சு."