சிறந்த ஹோம் ரன் வீரர் யார்?

கேள்வி: பேஸ்பாலில் பந்தை வேலிக்கு அப்பால் அடிக்கும் ஹோம் ரன்களில் மிகச் சிறந்த வீரர், 762 அடித்த பாரி பாண்ட்ஸ்தானே?

பதில்: எண்ணிக்கையில் அவர்தான், என் கணக்கில் ஹாங்க் ஆரன். ஊக்கமருந்துப் புகாரால் பாண்ட்ஸுக்கு 2022இல், கடைசி வாய்ப்பிலும், சிறந்த வீரர்களைக் கௌரவிக்கும் புகழ் மன்றத்துக்குத் தேவையான 75 சதவீத வாக்கு கிடைக்கவில்லை. அது நியாயமே என்பேன். ஆரனுக்கு முன் சாதனை வைத்திருந்த பேப் ரூத்தின் 714ஐயும் அப்படியே ஏற்க மனம் வரவில்லை. 1935இல் அவர் ஓய்வு பெறும்வரை அமெரிக்காவின் முதன்மைத் தொடரான மேஜர் லீக்கில் கறுப்பின வீரர்களுக்கு இடமே இல்லை. சாட்செல் பெய்ஜ் போன்ற கறுப்பினப் பந்துவீச்சாளரை அங்கே அவர் எதிர்கொள்ள நேரவில்லை. 1947இல் கறுப்பின வீரர் ஜாக்கி ராபின்சன் வந்த பிறகுதான் அந்தத் தடை உடைந்தது. கறுப்பினத்தவரான ஆரனோ, ரூத்தின் எண்ணிக்கையை நெருங்கிய 1973இல் கொலை மிரட்டல் கடிதங்களுக்கு நடுவே ஆடினார். 1974 ஏப்ரல் 8 அன்று அட்லாண்டாவில், டாட்ஜர்ஸ் அணியின் அல் டவுனிங் வீசிய பந்தை வேலிக்கு அப்பால் அனுப்பி 715ஐத் தொட்டார். என்ன நெஞ்சுரம்! ஓய்வு பெற்றபோது மொத்தம் 755.