ஏற்காட்டில் நாட்டுக்கோழிகளுக்குக் கண் வீங்கி, மூச்சு கர்கர் என்கிறது. டாக்ஸிசைக்ளின் கொடுக்கலாமா?

இப்போதே தண்ணீரில் கலந்துவிடாதீர்கள். பவுடர் எங்கேயும் ஓடிப்போகாது, ஒருநாள் கோழியைப் பார்த்துவிட்டு முடிவு பண்ணலாம்.

நீங்கள் எழுதியது இது: நாகலூர் பக்கம் காபித் தோட்டத்தில் 14 சிறுவிடை இன நாட்டுக்கோழிகள். பனி இறங்க ஆரம்பித்ததிலிருந்து இரண்டு பெட்டைகளுக்குக் கண் ஓரத்தில் நுரை, இமை வீக்கம். ஒரு சேவல் ராத்திரியில் குறட்டை விடுகிறது. எல்லாம் தீனி எடுக்கின்றன, சாவு இல்லை. மருந்துக்கடையில் டாக்ஸிசைக்ளின் என்கிற ஆன்டிபயாடிக் பவுடரைக் கொடுத்துவிட்டார்கள். நான் ஓமலூர் பக்கம் நாட்டுக்கோழி வளர்க்கிறவன், டாக்டர் இல்லை. ஆனால் இந்தச் சளிச் சீக்கு வராத வருஷம் எங்கள் கொட்டகையில் கிடையாது என்பதால் எழுதுகிறேன்.

கண் வீக்கத்தை மட்டும் வைத்து நோயைச் சொல்ல முடியாது. ஒரு கண்ணா இரண்டு கண்ணா, ஒரு கோழிக்கா பல கோழிக்கா, இரண்டு நாளில் பரவியதா மெதுவாகப் பரவுகிறதா, நாறுகிறதா, எச்சம் என்ன நிறம், இதெல்லாம் சேர்ந்தால்தான் ஒரு பிடி கிடைக்கும். ஒரே கோழிக்கு ஒரே கண் என்றால் முக்கால்வாசி கொத்து வாங்கியதாகவோ உமி விழுந்ததாகவோ இருக்கும், அதற்கு மொத்தக் கூட்டத்துக்கும் மருந்து ஊற்றுவது வீண். டார்ச் அடித்து இமையை மெதுவாகத் தூக்கிப் பாருங்கள். கோழிக்கு மூன்றாவதாக ஒரு மெல்லிய இமை உண்டு, அதன் அடியில் மெல்லிய வெள்ளைப் புழு நெளிந்தால் அது கண்புழு, கரப்பான்பூச்சியைத் தின்பதால் வருவது. அபூர்வம்தான், ஆனாலும் பார்த்துவிடுவது நல்லது.

அடுத்தது மோந்து பார்ப்பது. அருவருப்பாக இருக்கும், பரவாயில்லை. மூக்கில் வடிகிற சளியைத் துணியில் ஒற்றி எடுத்து மோந்தால் அழுகல் நாற்றம் அடிக்கிறதா? கண்ணுக்குக் கீழே முகம் உப்பி, தாடிகூட வீங்கி, மூன்று நாளைக்குள் பாதிக் கூட்டத்துக்கு வந்துவிட்டதென்றால் அது பெரும்பாலும் கோரைசா என்கிற பாக்டீரியா நோய். உங்கள் கோழிகளுக்கு அப்படித் தெரியவில்லை. நாற்றமில்லாமல், கண் ஓரத்தில் சோப்பு நுரை போலக் குமிழ் கட்டி, வாரக்கணக்கில் ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டு போவது மைக்கோபிளாஸ்மா என்கிற பாக்டீரியாவின் குணம். பண்ணைக்காரர்கள் சிஆர்டி என்பார்கள், நாட்பட்ட சுவாச நோய். இருட்டியபின் கோழிகள் அடைந்து சத்தம் அடங்கியதும் கொட்டகைக்கு வெளியே சும்மா நின்று கேளுங்கள். பகலில் தெரியாத கர்கர் அப்போது தெளிவாகக் கேட்கும், எத்தனை கோழிக்கு இருக்கிறது என்றும் எண்ணிவிடலாம்.

எச்சம் பச்சையாகவோ வெள்ளையாகவோ தண்ணீராகப் பீச்சி, கோழி வாயைப் பிளந்து மூச்சு வாங்கி, கழுத்து முறுக்கிக்கொண்டு, சாவும் விழ ஆரம்பித்தால் கதையே வேறு. அது வெள்ளைக்கழிச்சல், ராணிக்கெட் வைரஸ். எந்த ஆன்டிபயாடிக்கும் அதைத் தொடாது. ஒரே ராத்திரியில் கொத்தாகச் செத்தால் பறவைக் காய்ச்சலாகவும் இருக்கலாம், செத்ததைக் கையால் எடுக்காமல், வெட்டிக் குழம்பு வைக்காமல், கால்நடைத் துறைக்குச் சொல்லுங்கள். 1962 என்கிற கால்நடை உதவி எண்ணுக்கு அடித்தாலும் வழி சொல்வார்கள்.

சரி, உங்களுடையது சிஆர்டி என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானாலும் நான் முதலில் கை வைப்பது கொட்டகையில்தான். ஏற்காடு 1500 மீட்டர் உயரம், பனி காலத்தில் மதியம்வரை எதுவும் காயாது. குளிருமே என்று எல்லோரும் சாக்கும் தார்ப்பாயும் கட்டி நாலு பக்கமும் அடைத்துவிடுகிறார்கள். உள்ளே எச்சம் ஈரத்தில் ஊறி அம்மோனியா கிளம்புகிறது. அது 25 பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்தில் 25 பங்கு) தாண்டினாலே கோழியின் கண்ணை எரிக்கும், மூச்சுக்குழாய்க்குள் சளியை மேலே தள்ளிவிடுகிற நுண்ணிய மயிர்களும் வேலை செய்யாமல் போகும். அதன்பிறகு எந்தக் கிருமி வந்தாலும் உள்ளே உட்கார்ந்துகொள்ளும். விடியற்காலையில் கதவைத் திறந்ததும் குனிந்து, கோழி தலை இருக்கிற உயரத்தில் மூச்சு இழுத்துப் பாருங்கள். நின்றுகொண்டு இழுத்தால் தெரியாது. உங்களுக்குக் கண் கரித்தால் கோழிக்கு அது ராத்திரி முழுக்க.

கோழி குளிரைத் தாங்கும், அதன் உடம்புச் சூடே 41 டிகிரி. அது தாங்காதது ஈரமும் அடைபட்ட காற்றும். கூரைக்குக் கீழே மேல்பக்கம் இரண்டு எதிர்ச்சுவர்களில் ஒரு சாண் திறப்பு விடுங்கள், கோழி உட்காருகிற உயரத்தில் மட்டும் காற்று நேராக அடிக்காமல் மறைத்தால் போதும். ஆழ்கூளம் (தரையில் தடிமனாகப் பரப்பிய உமி) கட்டி தட்டியிருந்தால் அள்ளி வெளியே போட்டுவிட்டு, காய்ந்த உமியோ தேங்காய் நார்த்தூளோ புதிதாகப் போடுங்கள். தோட்டத்தில் சும்மா கிடக்கிறதே என்று காபித் தோலைப் பரப்புகிறவர்கள் உண்டு. நன்றாகக் காய்ந்திருந்தால் சரி, பூஞ்சை பிடித்திருந்தால் அதுவே குஞ்சுகளின் நுரையீரலைக் கெடுத்துவிடும், அதற்கு மருந்தும் கிடையாது. இன்னொன்று, கோழி உள்ளே இருக்கும்போது ஈரக் கூளத்தில் சுண்ணாம்புத்தூள் தூவிக் கிளறாதீர்கள். சுண்ணாம்பு பட்டதும்தான் அம்மோனியா மொத்தமாகக் கிளம்பும். கோழிகளை வெளியே மேயவிட்டு, தூவிக் கிளறி, சாயங்காலம்வரை காற்றாட விட்டு, அப்புறம் அடையுங்கள்.

கண் விஷயத்துக்கு வருகிறேன். சீக்குக் கோழி மூன்றையும் தனியாகப் பஞ்சாரத்தில் போட்டு, அதற்கென்று தனித் தண்ணீர்க் கிண்ணம் வையுங்கள். நல்ல கோழிகளுக்குத் தீனி வைத்துவிட்டுக் கடைசியில்தான் அங்கே போக வேண்டும். கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் 9 கிராம் உப்பு போட்டு, வெதுவெதுப்பாக, பஞ்சில் நனைத்துக் காலை மாலை கண்ணைத் துடையுங்கள். கண்ணுக்குள் வெள்ளையாக, பாலாடைக்கட்டி மாதிரி ஒரு கட்டி வரலாம். பறவைக்குச் சீழ் நம்மைப்போல இளகி வடியாது, அதை இளக்கும் நொதி அதன் வெள்ளணுக்களில் இல்லை, அப்படியே இறுகிவிடும். அதனால்தான் மருந்து மட்டும் கொடுத்தால் வீக்கம் வற்றுவதில்லை. உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் இமைக்குள் இருப்பது தானே வழுக்கிக்கொண்டு வந்துவிடும். வராவிட்டால் பிதுக்காதீர்கள். கண்ணுக்குக் கீழே கன்னத்தில் உறைந்த கட்டி என்றால் டாக்டர் கீறித்தான் எடுக்க வேண்டும், பிளேடை எடுத்துக்கொண்டு நாமே இறங்குகிற வேலை இல்லை.

வீட்டில் மீந்த கண் சொட்டு மருந்தைப் போடுமுன் பெயரைப் படியுங்கள். டெக்ஸாமெதசோன் மாதிரி ஸ்டீராய்டு இருந்தால் வேண்டாம், விழியில் கீறல் இருந்தால் புண் ஆழமாகிவிடும். குளோராம்பெனிகாலும் வேண்டாம், அது உணவுக்காக வளர்க்கும் உயிர்களுக்குக் கொடுக்கக் கூடாத மருந்து.

இப்போது உங்கள் டாக்ஸிசைக்ளின். மைக்கோபிளாஸ்மாவுக்கு அது கேட்கும், டைலோசின் என்கிற இன்னொரு ஆன்டிபயாடிக்கும் கேட்கும். டைலோசின் என்றால் பொதுவாக லிட்டருக்கு அரை கிராம், மூன்றிலிருந்து ஐந்து நாள் என்பார்கள். எது, எவ்வளவு என்பதை டாக்டர் வாயால் கேட்டுவிடுங்கள். சிலர் அமாக்ஸிசிலின் கேப்சூலை உடைத்து ஊட்டுகிறார்கள், சுத்த வீண். அந்த வகை மருந்து கிருமியின் செல்சுவரை உடைத்துக் கொல்வது, மைக்கோபிளாஸ்மாவுக்குச் செல்சுவரே கிடையாது. டாக்ஸிசைக்ளின் வகை மருந்துகள் கால்சியத்தோடு ஒட்டிக்கொண்டு உடம்பில் ஏறாமல் போகும், அதனால் அந்த நாட்களில் கிளிஞ்சல் தூளை எடுத்துவிடுங்கள். குளிரில் கோழி தண்ணீர் குறைவாகத்தான் குடிக்கும், சீக்குக் கோழி இன்னும் குறைவு. எனவே மலையில் தண்ணீரில் கலந்த மருந்து போதுமான அளவு உள்ளே போகிறது என்று நம்பி உட்காராதீர்கள், நோயுற்றதற்கு எடைக்குக் கணக்குப் போட்டு வாயில் விடுவதே மேல். இரண்டாம் நாள் தெளிந்துவிட்டதென்று நிறுத்தவும் கூடாது. மருந்து ஓடும்போதும், முடிந்தபின் டாக்டர் சொல்கிற நாள்வரைக்கும் முட்டை வீட்டுக்கும் வேண்டாம், வெளியாருக்கும் வேண்டாம்.

சின்ன வெங்காயம், மிளகு, மஞ்சள், துளசி எல்லாம் நானும் கொடுக்கிறவன்தான், கோழி தீனி எடுக்க உதவுகிறது. ஆனால் மூச்சு திணறுகிற கோழியை ஒரு வாரம் அதிலேயே ஓட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. இமையிலும் கொண்டையிலும் கறுப்பாகப் பொருக்கு கட்டிக் கண் மூடியிருந்தால் அது அம்மை, கொசு கடித்து வரும் வைரஸ். அங்கே மஞ்சளும் வேப்பிலையும் அரைத்து வெளியே தடவிப் பொருக்கை ஊறவிடுவது சரியான வேலை. பிய்த்து எடுக்கக் கூடாது, உதிர்ந்த பொருக்கில் கிருமி மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். அரிசிக் குருணை மட்டுமே தின்கிற கோழிக்கு வைட்டமின் ஏ குறைந்தும் கண்ணில் வெள்ளை அடையும். முருங்கைக்கீரையும் மஞ்சள் மக்காச்சோளமும் எப்படியும் போடுங்கள், கெடுதல் இல்லை.

தேறிய கோழியைப் பற்றிக் கடைக்காரர் சொல்லியிருக்க மாட்டார். மைக்கோபிளாஸ்மா வந்த கோழி சத்தம் நின்றபின்னும் கிருமியை வாழ்நாளுக்கும் சுமக்கும், முட்டை வழியாகக் குஞ்சுக்கும் போகும். அதனால் இந்த இரண்டு பெட்டைகளின் முட்டையை அடைவைக்காதீர்கள், மூன்றில் எதையும் நல்ல கோழி என்று பக்கத்துத் தோட்டத்துக்கு விற்காதீர்கள். சந்தையில் வாங்கும் புதுக் கோழியையும் மூன்று நாலு வாரம் தள்ளி வைத்துப் பார்த்துவிட்டுத்தான் சேர்க்க வேண்டும். நான் இந்த மாதிரி வந்தவற்றைக் குழம்புக்குத்தான் அனுப்புகிறேன், மருந்துக் கெடு முடிந்தபிறகு. உங்களுக்கு மனசு வராவிட்டால் பெட்டைகளை முட்டைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளைக்கழிச்சலுக்குத் தடுப்பூசி போட்டிருக்கிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. குஞ்சுக்கு முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு, எட்டாவது வார வாக்கில் இறக்கையில் ஊசி. பிப்ரவரி வாக்கில் கால்நடைத் துறை முகாம் போட்டு இலவசமாகவே போடுகிறார்கள், ஊராட்சியில் கேட்டால் தேதி தெரியும். மருந்துக் குப்பி நிறைய கோழிகளுக்கான அளவில்தான் வரும், ஐஸில் வைத்து எடுத்துவந்து கலந்ததும் சீக்கிரம் முடித்துவிட வேண்டும், ஆகவே நாலு வீட்டுக்காரர்கள் சேர்ந்து வாங்குவது லாபம். இப்போது சளியோடு இருக்கிறவற்றுக்கு மட்டும் போடாதீர்கள், தேறியபிறகு பார்க்கலாம். சொட்டு விடுகிறவர் தன் கண்ணைக் கசக்கக் கூடாது, மனிதருக்கும் கண் சிவந்துவிடும்.

மருந்து தொடங்கி மூன்று நாளில் கர்கர் குறையவில்லை என்றால் டாக்டரிடம் காட்டுங்கள். ஒன்று செத்துவிட்டால், புதைக்க வேண்டாம். இரண்டு பிளாஸ்டிக் பையில் கட்டி ஐஸ் பெட்டியில் வைத்து (ஃப்ரீசரில் உறையவிடாமல்) நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ தலைவாசலில் இருக்கிற கால்நடைக் கல்லூரிக்கோ அன்றைக்கே கொண்டுபோங்கள். அறுத்துப் பார்த்தால் நுரையீரலா, காற்றுப்பையா, குடலா என்று தெரிந்துவிடும், மிச்சமுள்ள 13க்கு எந்த மருந்து என்பதும் அங்கேயே முடிவாகிவிடும்.